பதிலாள் அட்டை

சென்ற சனிக்கிழமை என் மகள் ஜேர்மனியின் ஹம் நகரத்தில் தான் எடுத்திருக்கும் புது வீட்டுக்குச் சுவர்த்தாள் ஒட்டினாள். எடுபிடி வேலைக்கு நானும் போயிருந்தேன். வாளியில் தண்ணீர் விட்டு, பசைத்தூளைக் கொட்டி, கட்டிபடாமல் கலக்கிக்கொண்டிருந்தபோது அந்த மணம் எழுந்தது. பெரிய மணமொன்றும் இல்லை. ஆறிப்போன கஞ்சியும் ஈரக் கடதாசியும் கலந்ததுபோல ஒன்று. நான் தடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

“என்னப்பா, தலை சுத்துதோ? கிரைஸ்லௌவ் சரியில்லையோ?” என்றாள் மகள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எதற்கும் முதலில் இரத்த ஓட்டத்தைத்தான் சந்தேகப்படுவார்கள்.

“இல்லையம்மா. ஒரு ஆளை நினைச்சன்.”

“ஆரை?”

“நீ பிறக்கமுதல் ஆள்.”

அவள் திரும்பவும் தாள் வெட்டப் போய்விட்டாள். ‘நீ பிறக்கமுதல்’ என்பது எங்கள் வீட்டில் ஒரு பெரிய பெட்டி. கலவரம், விமானம், முகாம், அகதி அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எல்லாம் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அதைத் திறக்க அவளுக்கும் நேரமில்லை, எனக்கும் எங்கே தொடங்குவதென்று தெரிவதில்லை. உங்களுக்கு நேரம் இருக்கும்போலத் தெரிகிறது. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு எதற்கும் திகதி குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. முதற்பனி விழுந்தது, குளிர்சாதனப் பெட்டி வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் காலமானது எல்லாவற்றுக்கும் திகதி இருக்கிறது. “உங்களுக்கு நானும் ஒரு திகதிதான்” என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவள் போன திகதியும் இப்போது என்னிடம் இருக்கிறது. சரி, அது வேறு கதை.

1985 ஆம் ஆண்டின் கடைசியில் நான் ஜேர்மனிக்கு வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் வந்த அதே வழிதான், கிழக்குப் பேர்லினில் இறங்கி மேற்குக்கு ரயில். அங்கிருந்து என்னைக் கிழக்கு பவேரியாவில் ஒரு பல்கலைக்கழக நகரத்துக்கு அனுப்பினார்கள். நகரத்தின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இன்னும் வேலைசெய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். நகர ஓரத்துப் பழைய விடுதியொன்றில் எனக்கும் குகனுக்கும் ஒரே அறை. குகன் புங்குடுதீவுக்காரன், வாய் ஓயாதவன்.

வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. எங்கள் கையில் இருந்த பத்திரத்தில் அந்த மாவட்டத்தின் பெயரைப் போட்டு, அதற்கு வெளியே போகக்கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். போவதென்றால் முதலில் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுத்து, காரணம் சொல்லி, ஒரு அனுமதித் துண்டு வாங்கவேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இருந்த ஒன்றுவிட்ட தமையனின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்பது காரணமாகாது.

சம்பள வேலைக்குத்தான் தடையே தவிர, பொதுநல வேலைக்கு இல்லை. சமூக உதவி அலுவலகம் எங்களைக் கூட்டவும் துடைக்கவும் அனுப்பும். குகனுக்குக் கல்லறைத் தோட்டம் கிடைத்தது. எனக்குப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை நிலவறை. நான் ஊரில் உயர்தரத்தில் புவியியல் படித்தவன் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயர் அகரவரிசையில் அப்படி விழுந்தது.

மாலையில் நான் அறைக்கு வந்தால் குகன் கட்டிலில் கிடந்தபடி கேட்பான்: “என்ன மச்சான், உலகத்தைத் துடைச்சு முடிச்சிட்டியோ?”

“ஆசியா முடிஞ்சுது. நாளைக்கு ஆபிரிக்கா.”

“இலங்கையை ஒருக்கா நல்லா அழுத்தித் துடைச்சுவிடு. ஊத்தை கூட.”

நிலவறையில் இருந்தது தேசப்பட அறை. இரும்பு இழுப்பறைகள் சுவர் முழுக்க. ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுக்கக்கூடிய அகலம், நாலு விரல் உயரம். அதைப் பார்த்துக்கொண்டவர் மிலான். செக்கோஸ்லோவாக்கியர், பிராக் நகரத்தவர், 1968 இல் சோவியத் இராணுவத்தின் தாங்கிகள் வந்தபோது ஓடிவந்தவர். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், நெட்டையானவர், சாம்பல்நிற மேலங்கி போட்டிருப்பார். முதல் நாள் நான் ஈரத்துணியோடு உள்ளே போனேன். அவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். இந்த அறைக்குள் தண்ணீர் வரக்கூடாதாம். பிறகு ஒரு உலர்ந்த தூரிகையைத் தந்தார்.

அவருடைய ஜேர்மன் மிகச் சுத்தம், என்னுடையது அப்போது கால்வாசிதான். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். நான் என்ன செய்ய? நாற்பது வருடம் ஒரு ஆளை மனதுக்குள் வைத்திருந்தால் அவரும் நம் பாஷைக்கு மாறிவிடுகிறார். அதற்கு ஒரு காரணமும் உண்டு. மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ‘அண்ணை’ என்றேன். என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன். அடுத்த நாள் தொடக்கம் அவரும் என்னை ‘அண்ணை’ என்றே கூப்பிட்டார். தம்பி என்றுதான் கூப்பிடவேண்டும் என்று எத்தனையோ முறை விளக்கினேன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லு போதும் அண்ணை. பாவிக்கிறதுக்கு சுகம்” என்றார்.

அந்த அறையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, படத்தை மடிக்கக்கூடாது. ஒரு மாணவன் ஒருமுறை தாளொன்றை நாலாக மடித்துக் கைப்பையில் வைக்கப் போனான். மிலான் அண்ணை ஏசவில்லை. அவனுடைய பரீட்சைத் தாளைக் கேட்டு வாங்கி, அவன் கண்முன்னாலே நாலாக, எட்டாக, பதினாறாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது சட்டம், படம் வெளியே போனால் அதன் இடத்தில் ஒரு சாம்பல்நிற அட்டையை வைக்கவேண்டும். அட்டையில் தாளின் இலக்கம், கொண்டுபோனவர் பெயர், திகதி. ஜேர்மனியர்கள் அதைப் பிரதிநிதி என்று சொல்வார்கள். நான் எனக்குள் அதற்குப் பதிலாள் அட்டை என்று பெயர் வைத்தேன். கோடைகாலத்தில் இருப்புப் பார்க்கும்போது, பதிலாள் இருந்தால் படம் இருப்பதாகவே கணக்கு. பதிலாளும் இல்லாவிட்டால்தான் தொலைந்ததாக எழுதுவார்கள்.

அந்தப் பல்கலைக்கழகம் என்னைவிட இளையது. ஆனால் படங்கள் கிழடுகள். மூடிப்போன ஏதோவொரு கழகத்தின் சேகரத்தை மூன்று லொறிகளில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பாதி ஒஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் படங்கள். கிழிந்தவற்றை நாங்கள் இருவரும் பசை காய்ச்சி லினன் துணியில் ஒட்டுவோம். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான். காற்றுக்குமிழ் விழாமல் மெல்ல இறக்கவேண்டும். பேசினால் கை ஆடும். ஒட்டி முடித்தபின் காயும்வரை பேச்சுத்தான். மகளுடைய வாளியிலிருந்து எழுந்தது அந்தப் பசையின் மணம்.

அந்தப் பேச்சுகளில்தான் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அந்தப் பேரரசில் ஒரு டசினுக்குக் கிட்டிய மொழிகள். இவ்வளவு பேர் வாழ்ந்த இடத்தில் புவியியல் என்ற பாடம் எப்படிப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது? 1849 இல் கிராக்கோவ் நகரத்தில் ஒரு பேராசிரியர் ஆசனம் உண்டாக்கினார்கள். அதில் அமர்ந்தவர் ஒரு கவிஞர். சில வருடங்களிலேயே அவரை நீக்கினார்கள், ஆசனமும் இல்லாமற்போய், கால் நூற்றாண்டுக்குப் பிறகே திரும்பி வந்தது. 1851 இல் வியன்னாவில் ஒன்று. அவர் மலையேறி, பனிமலைகளைத் தன் கையாலேயே வரைந்தவர். 1870 இல் புடாபெஸ்ட். பிறகு பேரரசின் கிழக்கு மூலையில் செர்னோவிட்ஸ். பூமியை அறியும் ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் தேவைப்பட்டது என்பதுதான் முக்கிய காரணம். எங்கள் ஊரிலும் அப்படித்தானே. மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவுப் படத்தில் சமவுயரக்கோடு வாசிக்க நாங்கள் பழகியது மலையில் ஏறவா? யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது?

1882 இல் பிராக் நகரத்துப் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது, ஒன்று ஜேர்மன், மற்றது செக். ஒரே ஆறு, ஒரே பாலங்கள், ஆனால் இரண்டு புவியியல். எங்கள் இழுப்பறைகளில் ஒரே நிலத்தை இரண்டு பக்கத்தாரும் வரைந்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மொழிவாரிப் படங்களில் ஒவ்வொருவரும் தம் ஆட்களுக்கு அடர்ந்த நிறம் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் கழுவிய துணிபோல வெளிறிக் கிடந்தார்கள்.

“அண்ணை, இதைப்பற்றி ஒரு ஆய்வு எழுதலாம்” என்றேன் ஒருநாள்.

“கெதியா எழுதும். அவையள் பேரரசை வரைஞ்சு முடிக்கமுன்னம் பேரரசு முடிஞ்சுபோச்சு” என்றார்.

நான் கெதியாக எழுதவில்லை. பிற்பாடு அங்கேயே மாணவனாகச் சேர்ந்து, இதையே தலைப்பாக எடுத்து, பாதியில் விட்டேன். பேரரசு என்னை வென்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்களில் மிலான் அண்ணை அடிக்கடி வெளியே எடுத்துப் பார்ப்பது ஒரு தாளைத்தான். பேரரசின் இராணுவ அளவையாளர்கள் தயாரித்த இடவிளக்கப்படம், எழுபத்தையாயிரத்தில் ஒரு பங்கு அளவு. பொஹேமியாவின் மேற்கு எல்லையில், காடுகளுக்கு நடுவே, கடுகளவு எழுத்தில் ஒரு ஊர்ப்பெயர். அது அவருடைய தாயின் ஊர். தாய் ஜேர்மன் பேசுகிறவர், தகப்பன் செக். போர் முடிந்தபின், 1946 இல், ஜேர்மன் பேசுகிறவர்கள் என்று அந்த ஊர்ச்சனங்களை எல்லைக்கு இந்தப்பக்கம், ஜேர்மனிக்கு, அனுப்பிவிட்டார்கள். தகப்பன் செக் என்பதால் இவர்கள் பிராக்கில் இருக்கமுடிந்தது. பிறகு அந்த ஊர் எல்லைப் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புதிய படங்களில் அந்த இடத்தில் பச்சை மட்டும். தாய் சாகும்வரை அங்கே திரும்பிப் போகவில்லை. மகனும் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த ஆசை இந்த ஒன்றுதான், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்த ஊருக்கு நடந்துபோவது.

அவருடைய தாயின் தகப்பனைப் பற்றி ஒரு கதை சொல்வார். பேரரசின் குடிமதிப்பில் அன்றாடம் பேசும் மொழி எது என்று கேட்பார்கள், ஒன்றைத்தான் எழுதலாம். அவர் வீட்டில் ஜேர்மன், சந்தையில் செக், மாட்டோடு இரண்டும். “எந்த மொழி?” என்று அலுவலர் கேட்டதற்கு, “காலமையோ பின்னேரமோ?” என்று திருப்பிக் கேட்டாராம்.

1987 ஆம் ஆண்டு கோடையில் ஒரு ஞாயிறு. ஒரு குன்று இருக்கிறது, அதன் உச்சியிலிருந்து எல்லைக்கு அப்பால் அந்தப் பள்ளத்தாக்குத் தெரியும், வாரும் போவோம் என்றார் மிலான் அண்ணை. நான் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன்.

“தெரியும் அண்ணை. பாத்திட்டன். குன்று உம்மட மாவட்டத்துக்குள்ளதான் நிக்குது.”

அந்தப் பகுதியின் ஜேர்மன் படமொன்றையும் காட்டினார். குன்று மாவட்ட எல்லைப் புள்ளிக்கோட்டுக்கு உட்பக்கமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் போய், இறங்கி நடந்தோம். அவர் சீரகம் போட்ட ரொட்டி கொண்டுவந்தார், நான் முட்டையும் மிளகாய்ச் சம்பலும். உச்சியில் நின்று பார்த்தால் காடு, காடு, மேலும் காடு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கறுப்புப் பச்சை எல்லாம் ஊசியிலை மரம். அதுக்கு நடுவில ரெண்டு வெளிர்ப் பச்சை தெரியுதோ?”

“ஓம்.”

“அது லிண்டன் மரம். தானா முளைக்காது, வைக்கவேணும். அதுதான் அம்மாவின்ர ஊர்த் தேவாலய வாசல்.”

நான் வெகுநேரம் அந்த இரண்டு வெளிர்ப் பச்சைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கவில்லை, ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கும் வழியில் எல்லைப் பொலிஸ் வாகனம் நின்றது. இளம் பொலிஸ்காரர். என் பத்திரத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார். “நீங்கள் உங்கட மாவட்டத்துக்கு வெளியில நிக்கிறியள்” என்றார். அகதி விண்ணப்பம் முடிவாகாத நேரம். இப்படி ஒரு குற்றம் கோப்பில் ஏறினால் என்ன ஆகுமென்று விடுதியில் ஆளுக்கொரு பயங்கரக் கதை சொல்வார்கள்.

மிலான் அண்ணை கோபத்தோடு படத்தை விரித்துப் பொலிஸ் வாகனத்தின் முகப்பில் வைத்தார். “இதில பாருங்கோ. கோடு எங்க, நாங்கள் எங்க?”

பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். பிறகு படத்தின் கீழ்மூலையைப் பார்த்தார். “இது அறுபத்தைந்தாம் ஆண்டுப் படம்” என்றார். “எழுபத்திரண்டில மாவட்டங்களை எல்லாம் சேர்த்துப் பிரிச்சவை. இந்தக் குன்று அடுத்த மாவட்டத்துக்குப் போட்டுது.”

மிலான் அண்ணையின் முகம் வெளிறிப்போனது. தேசப்பட அறையின் பொறுப்பாளர். அவருடைய மேசைக்குப் பின்னால் புதிய படங்கள் குவிந்து கிடந்தன. ஆனால் நடப்பதற்குப் பழைய தாள்தான் அவருக்குப் பிடிக்கும். புதியதில் ஒற்றையடிப் பாதைகளை அழித்துவிட்டார்கள் என்பார். அந்த அறையில் வேலைசெய்கிற இரண்டு பேரால்தான் இப்படி ஒரு தவறு செய்யமுடியும்.

பொலிஸ்காரர் எங்களை மறந்து படத்திலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். “நான் பக்கத்தில இருக்கிற இந்தப் பழைய மாவட்டத்தில பிறந்தனான்” என்றார். “பிறப்புப் பத்திரத்தில இருக்கு. இப்ப அப்பிடி ஒண்டு இல்லை.” பிறகு தன் பள்ளிக்கூடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். மிலான் அண்ணை தாளின் ஓரத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டார்.

முடிவில் எங்களை வாகனத்தில் ஏற்றி, மாவட்ட எல்லைப் பலகைக்கு இந்தப்பக்கம் இறக்கிவிட்டார். “நான் ஒருத்தரையும் காணேல்லை” என்றார்.

பஸ் வரும்வரை மிலான் அண்ணை படத்தைத் திரும்பத் திரும்பச் சுருட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறியபின், “என்னை மன்னிச்சுக்கொள்ளும் அண்ணை. எனக்கு அங்கால எல்லை. உமக்கு இங்கால எல்லை. நான் ஒண்டைத்தான் பாத்தன்” என்றார். நான் மிச்சமிருந்த முட்டையை உரித்துக் கொடுத்தேன். மிளகாய்ச் சம்பலோடு சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பல் உறைப்புத்தான்.

குகனிடம் நடந்ததைச் சொன்னேன். “படம் பாத்துப் போய்ப் பிடிபட்ட முதல் ஆக்கள் நீங்கள்தான். நான் வழி தெரியாமல் பத்துத்தரம் போட்டு வந்திட்டன்” என்றான்.

1989 நவம்பரில் பிராக் நகரத் தெருக்களில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராகச் சனம் திரண்டது, ஆட்சி விழுந்தது. தேசப்பட அறை வானொலியைச் சுற்றித் துறையே கூடி நின்றது. எல்லோரும் மிலான் அண்ணையைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் கட்டிப்பிடித்தேன். சந்தோஷந்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை விடுதிக்கு நடந்தபோது, இனி இவர் போய்விடுவார் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. குகன் அதற்கு முன்பே கனடா போயிருந்தான். அந்த நகரத்தில் என்னோடு ஒரு கோப்பி குடிக்க மிலான் அண்ணையைவிட வேறு ஆள் கிடையாது.

1990 கோடையில் அவர் புறப்பட்டார். கடைசி நாள் வழக்கம்போல மேலங்கியோடுதான் வந்தார். இழுப்பறையைத் திறந்து, தாயின் ஊர் இருக்கும் அந்தத் தாளை எடுத்து, ஒரு குழாய்க்குள் சுருட்டி வைத்தார். பிறகு சாம்பல் அட்டையில் இலக்கம், தன் பெயர், திகதி எழுதினார். ஊழியர்கள் படம் கொண்டுபோகலாம் என்பது விதி. அன்று மாலை ஐந்து மணிவரை அவர் ஊழியர்தானே.

“நீர் வையும்” என்று அட்டையை என்னிடம் தந்தார்.

“ஏன், நீங்கள் வையுங்கோவன்.”

“நான் வைச்சா போறமாதிரி இருக்கும்.”

வைத்தேன். விலாசம் கேட்டேன். அங்கே போய்த்தான் வீடு தேடவேண்டும் என்றார். கடிதம் போடுங்கோ என்றேன். தலையை ஆட்டினார். “கடிதம் ஏலாது அண்ணை. நான் எழுதினதையெல்லாம் முதல்ல வேற ஆள், அங்கத்தைய பொலிஸ், பிரிச்சு வாசிச்சது. அதோட எழுதுற பழக்கம் விட்டுப்போச்சு. படத்தை நானே கொண்டுவந்து தருவன். ஊரைப் பாத்திட்டு வாறன்.”

எங்கள் ஆட்கள் போகும்போது போறன் என்று சொல்வதில்லை, வாறன் என்றுதான் சொல்வோம் என்று அவருக்கு நான் எப்போதோ சொல்லியிருந்தேன். அந்த ஒரு சொல்லை அவர் தமிழிலேயே சொன்னார்.

அவர் வரவில்லை. அதற்குள் என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பத்திரத்தில் இருந்த மாவட்ட முத்திரை போயிற்று. அந்த அறையிலேயே உதவியாளராக வேலையும் கிடைத்தது. ஒவ்வொரு கோடையிலும் இருப்புப் பார்ப்பேன். அந்த இழுப்பறைக்கு வந்ததும் அட்டையைத் தொட்டு, இருக்கிறது என்று குறிப்பேன். எல்லைக்கு அப்பால் போய்த் தேடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை பிராக் போனேன். அவருடைய பெயர் அங்கே எங்கள் ஊர்க் கந்தசாமி மாதிரி. தொலைபேசிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. நாலைந்து பேருக்கு எடுத்தேன். ஒரு மிலான் மிக அன்பாகப் பேசினார், ஆனால் அவர் பல் வைத்தியர்.

1994 இல் கலியாணம் பேசி முடிந்து, ஹம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் அமைந்து, நானும் புறப்பட்டேன். புறப்படும் நாளில் அந்தப் பதிலாள் அட்டையை வெளியே எடுத்து, முதுகுப்பக்கத்தில் என் ஹம் விலாசத்தைப் பென்சிலால் எழுதி, திரும்ப வைத்தேன். படம் வந்தால் அட்டையை எடுக்கத்தானே வேண்டும். எடுக்கிறவர் திருப்பிப் பார்ப்பார், அவரிடம் சொல்லுவார். என் மூளை அன்று அவ்வளவு நன்றாக வேலைசெய்ததாக நினைத்தேன். அந்த அட்டையை எடுப்பவர் கிழித்துக் கூடையில் போடுவார், முதுகைப் பார்ப்பதில்லை என்பது, அதையே நாலு வருடம் செய்துவந்த எனக்குத் தெரியாததல்ல.

இந்த வசந்தகாலத்தில் துறையிலிருந்து பழைய ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிலவறையை மூடுகிறார்கள், படங்கள் ஒரு வெளிக்களஞ்சியத்துக்குப் போகின்றன, பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். ஓய்வுபெற்ற மனிதன், வீட்டில் ஆளில்லை, ரயில் சீட்டும் மலிவு. போனேன்.

இடமாற்றத்தைப் பார்த்துக்கொண்டவள் ஆய்வு மாணவி ஒருத்தி, என் மகளின் வயது. அறையில் பசை மணம் இல்லை. இழுப்பறைகள் பாதி வெறுமை. எனக்கு வேண்டிய இழுப்பறையை நானே கண்டுபிடித்து இழுத்தேன்.

தாள் இருந்தது.

முதலில் அது இரண்டாவது பிரதி என்றுதான் நினைத்தேன். எடுத்து மேசையில் விரித்தேன். அதில் மடிப்புக் கோடுகள். எட்டாக மடித்து, பலநாள் சட்டைப்பையில் இருந்த தாள். மடிக்கக்கூடாது என்று மாணவனின் பரீட்சைத் தாளைப் பதினாறாக மடித்த மனிதர். மடிப்புகள் சமமாகவும் இல்லை. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். எந்த அவசரத்தில் இப்படி மடித்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. சரிபாதியாக மடித்திருந்தால் கோடு அந்தக் கடுகளவு ஊர்ப்பெயருக்கு மேலே போயிருக்கும். கோடு அதில் விழாமல் ஒதுக்கி மடித்திருக்கிறார்.

நடந்திருக்கிறார். ஊரைப் பார்த்திருக்கிறார். படத்தைக் கொண்டுவந்து தந்தும் இருக்கிறார்.

“இதை எப்ப கொண்டுவந்து தந்தது, ஆர் வாங்கினது எண்டு தெரியுமோ?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

கணினியில் பார்த்தாள். “2011 இல கணினி வாசிக்கிற பட்டைக்கோடு ஒட்டேக்க இந்தத் தாள் இழுப்பறையில இருந்திருக்கு. அதுக்கு முந்தினது ஒண்டும் இதில இல்லை. அது என்ர காலத்துக்கு முந்தி.”

“இதில ஒரு சாம்பல் அட்டை இருந்திருக்கும்.”

“ஓ, அந்த அட்டையளோ. பட்டைக்கோடு வந்தபிறகு எல்லாத்தையும் எறிஞ்சாச்சு எண்டு கேள்விப்பட்டன். ஏன், ஏதும் முக்கியமோ?”

“இல்லை” என்றேன்.

1994 க்கும் 2011 க்கும் இடையில் ஏதோ ஒருநாள். குளிர்சாதனப் பெட்டி வாங்கிய திகதிகூட இருக்கிறது என்னிடம். மிலான் அண்ணை அந்தப் படியிறங்கி வந்த திகதி மட்டும் இல்லை. அன்று மழையா வெயிலா, என்னைக் கேட்டாரா, கேட்டபோது என்ன சொன்னார்கள், மேசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்று யாரிடமும் விசாரிக்கமுடியாது. எனக்குப் பிறகு வந்தவர்கள் மூன்று தடவை மாறிவிட்டார்கள். அவர் இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும்.

“இந்தத் தாள் பழுதாப்போச்சு” என்றாள் அந்தப் பெண். “மடிக்காத பிரதி ஒண்டு எங்களிட்ட இருக்கு, அதை ஸ்கான் பண்ணியும் வைச்சிருக்கிறம். இது கழிவில போகுது. வேணுமெண்டா நீங்கள் கொண்டுபோங்கோ.”

குழாய் ஒன்று தரவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் மடித்த அதே கோடுகளில், அதே ஒழுங்கில், மெதுவாக மடித்தேன். அகலப் பக்கம், ஒடுங்கிய பக்கம். தாள் தானாகவே மடிந்தது. மேலங்கியின் உட்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

புறப்படமுன் இழுப்பறையைத் தள்ளி மூடவேண்டும். கை பழக்கதோஷத்தில் மேசையின் வலதுபக்கம் போனது. அட்டைகள் அடுக்கி வைத்திருக்கும் பெட்டி அங்கேதான் இருக்கும். பெட்டி இல்லை. படம் இருந்த இடத்தைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் வைக்காமல் இழுப்பறையை மூடினேன்.